ஞாயிற்றுக்கிழமை லோரி

லோரி கம்பிக் கதவைத் தாண்டும் முன்பே டிரைவர் பெர்னாட் ஹாரனை அடித்துவிடுவான். அந்தச் சத்தம் கேட்டதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடும்; பெண்கள் கொண்டையில் பூவைச் சொருகிக்கொண்டே ஓடுவார்கள். உடையப்பன் மட்டும் தன் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, வாயிலிருந்த வெற்றிலையை வாசலில் துப்புவான். அது லோரிக்குச் சேர வேண்டிய எச்சில் என்பது மேட்டுத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். துப்பிய பிறகும் வாய் சும்மா இருக்காது. அந்த லோரியின் அச்சு முறியட்டும், டயர் வெடிக்கட்டும், ஓட்டுகிறவன் கண் அவிந்து போகட்டும் என்று, போகிறவர்கள் காதில் விழும்படியே ஒரு பாட்டம் வைவான். போகிறவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்காரர் வசவும் உண்டு என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

"லோரியத் திட்டித் திட்டி ஒங்க நாக்கு வெந்துடப் போவுது" என்பாள் அவன் மனைவி வள்ளியம்மா. "அது பாட்டுக்குப் போவுது, வருது. நீங்க ஏன் வயிறெரியறீங்க?"

வயிறு எரியாமல் வேறென்ன செய்யும்? அந்த லோரியை ஆரம்பித்து வைத்தது மாதா கோயில். வெள்ளைக்காரச் சர்க்கார் அவசர காலம் அறிவித்ததும், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் சேதியும் போய்விடக் கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகிறவர்களைக்கூடக் கதவில் நிறுத்தி, மடியைத் தடவி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் விட்டார்கள். பூசை பார்த்து மாதக்கணக்காகிறது என்று கணக்கு எழுதும் கிராணி அந்தோணிதாஸ் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய் முறையிட்டார். தொரையும் கோயிலுக்குப் போகிற மனிதர்தான். ஞாயிறு தோறும் வேதக்காரக் குடும்பங்களைக் கோலசிலாங்கூர் டவுனுக்கு ஏற்றிப்போக ஒரு லோரியும், காவலுக்கு ஒரு போலீஸ் ஜீப்பும் ஏற்பாடாயின. முதல் வாரம் வேதக்காரர்கள் மட்டும் போனார்கள். அடுத்த வாரம், மாதா கோயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறோம் என்று மற்ற லயத்துப் பெண்களும் ஏறினார்கள். அதற்குப் பிறகு, கோயில் பார்க்கப் போனவர்கள் கோயில் இருக்கும் திசைக்கே திரும்பவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்கள். சாமிக்கென்று வந்த லோரி சாமானுக்கென்று ஆகிவிட்டது.

சாப்பாட்டுச் சாமான் எதையும் ரோட்டில் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். அதனால் அரிசியும் சர்க்கரையும் இன்னும் உடையப்பனிடம்தான் வாங்க வேண்டும். ஆனால் அவை சர்க்கார் அளவு, சர்க்கார் விலை. அளந்து போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். ஏதாவது லாபம் நிற்பதென்றால் துணியில், சவுக்காரத்தில், பவுடரில், வளையலில், அலுமினியப் பானையில்தான் நிற்கும். அவை அத்தனையும் இப்போது லோரி ஏறி வந்தன.

அவன் கடையில் சாமான் வாங்குவதற்கென்று ஒரு முறை இருந்தது. வாங்குகிறவர்கள் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும். அவன் எதை எடுத்துப் போடுகிறானோ அதுதான் சாமான். தீபாவளிக்கு ஒரே கட்டுத் துணி வாங்கி வருவான். மஞ்சளில் சிவப்புப் பூ என்றால் அந்த வருஷம் லயம் முழுவதும் மஞ்சளில் சிவப்புப் பூ. ஒரு தீபாவளிக்குத் தொரையின் மனைவி அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு யூனிபாரம் கொடுத்தது யார் என்று கேட்டாளாம். உடையப்பன் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். டவுன் கடைகளிலோ துணியை முன்னால் விரித்துப் போட்டார்கள். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கலாம். அடுக்கியிருந்ததையெல்லாம் கலைத்துவிட்டு "வேண்டாம்" என்று எழுந்து வந்துவிடலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பதற்காகவே சில பெண்கள் வாராவாரம் போனார்களோ என்னவோ. அவன் கடையில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

இப்போது அவன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். பவுடர் டப்பாக்கள் ஈரத்தில் கட்டிதட்டிப் போயின. துணிக்கட்டின் மேல்மடிப்பு வெயிலில் வெளுத்துவிட்டது. ஒரு நாள் சிகரெட் வாங்க வந்த அந்தோணிதாஸ், சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "அரிசி போடுற நாளத் தவிர கடைக்கு ஆளே வர்றதில்லையே, அந்த எடத்தக் காவல்காரனுங்க தங்க எடுத்துக்கலாமான்னு தொரை கேக்குறாரு உடையப்பன். தீபாவளி வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

உடையப்பன் கப்பலேறி வந்து இதே தோட்டத்தில் மரம் வெட்டியவன். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தராசைப் பிடிக்க அவனுக்குப் பாதி ஆயுசு போயிற்று. மறுபடி அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, தன்னை முதலாளி என்று கூப்பிட்ட அதே மனிதர்களோடு விடியற்காலை பெரட்டில் வரிசை நின்று பேர் கொடுப்பதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்திரத்தைத் தொரை மேல் காட்ட முடியாது. லோரி மேல்தான் காட்ட முடிந்தது.

தீபாவளி நெருங்கிய ஒரு புதன்கிழமை, மொத்தக் கடைக்காரரைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தான். ராஜா மூசா காட்டை ஒட்டிய செம்மண் பாதையில், மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த ஓர் ஆள் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினான். ரெங்கசாமி. மேட்டுத் தோட்டத்திலேயே மரம் வெட்டியவன், தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். சங்கத்து ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியபோது காட்டுக்குள் போய்விட்டான். அந்த நாளில் இவன் கடையில்தான் பீடி வாங்குவான். இப்போது கண்கள் உள்ளே போய், தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பழைய துப்பாக்கி.

"அரிசி எதாச்சும் வெளிய கொண்டார முடியுமா முதலாளி?"

"ஒரு பிடி கொண்டார முடியாதுப்பா. டின்னுப் பால வித்தாக்கூட ஓட்டை போட்டுத்தான் குடுக்கணும்னு வச்சிருக்கான். அப்பிடியே வச்சிருந்து ஒனக்குக் குடுத்துடுவாங்களாம்."

ரெங்கசாமி தலையாட்டினான். பிறகு லோரியைப் பற்றிக் கேட்டான். எந்தப் பக்கமாகத் திரும்பும், எப்போது திரும்பும் என்று. உடையப்பன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மூன்று மணிக்கு டவுனை விட்டுக் கிளம்பும் என்றான். தார் ரோட்டில் வந்தால் சுற்று, பெர்னாட் இந்தச் செம்மண் பாதையில்தான் குறுக்கே வருவான் என்றான். ஜீப்பில் இருக்கும் போலீஸ்காரர்களுக்குப் பசி, எப்போதும் முன்னால் பறந்துவிடுவார்கள், லோரி தனியாகத்தான் வரும் என்றும் சொன்னான். போன மாதம் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இவர்கள் பஸ்ஸை எரித்த கதை ஊருக்கே தெரியும். எல்லோரையும் இறக்கி ஓரமாக உட்கார வைத்து, ஒரு கிழவர் மறந்துவிட்ட குடையைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பெட்ரோலை ஊற்றினார்களாம்.

"ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"நாங்க என்னா ஜப்பான்காரனா? எறக்கிட்டுத்தான் கொளுத்துவோம்."

"கொளுத்துங்க. கொளுத்தித் தொலைங்க" என்றான் உடையப்பன்.

அன்று சைக்கிள் மிதித்து வருகையில் அவன் மனம் லேசாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்த லோரிக்குப் பதில் தொரை இன்னொன்றை அனுப்ப மாட்டார். தீபாவளிக்கு லயமே கடை வாசலில் நிற்கும்.

சனிக்கிழமை மத்தியானம் தாயம்மா கடைக்கு வந்தாள். அதுவரை லோரி ஏறாத ஒரே ஆள் அவள்தான். புருஷனைச் சயாமுக்கு ரயில் ரோடு போட ஜப்பான்காரன் இழுத்துப் போன நாளிலிருந்து, தங்கை காளியம்மாவோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, உப்பு முதல் உடுப்பு வரை உடையப்பனிடமே வாங்கினாள். வந்தவள் எதுவும் வாங்கவில்லை. சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. நாளைக்கு நானும் லோரியில போறேன். ஒரே ஒரு தடவ, நானாப் பாத்து ஒரு சேல எடுக்கணும்னு ஆச."

"போ போ. நீ மட்டும் எதுக்குப் பாக்கி? எல்லாரும் போங்க" என்று வெடுக்கென்று சொன்னான். பாதி வழியில் இறங்கி நடந்து வரட்டும், அப்போது புத்தி வரும் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் அந்தோணிதாஸ் உற்சாகமாக வந்தார். "ஜீப்பு படுத்துடுச்சு உடையப்பன். அதுனால நாளைக்குப் போலீஸ்காரனுங்க லோரியிலயே சனங்களோட ஏறி வர்றானுங்க. பிரென் மிஷின் துப்பாக்கி வேற கொண்டாறாங்க. இனிமே பயமில்ல லா."

 கிராணி சிகரெட்டுக்குக் கொடுத்த சில்லறையை உடையப்பன் வாங்காமலேயே நின்றான். காட்டு ஆட்களுக்கு அரிசியைவிடத் துப்பாக்கிக்குத்தான் பஞ்சம். நான்கு போலீஸ்காரர்களும் ஒரு பிரென்னும் சனங்கள் மத்தியில் உட்கார்ந்து வந்தால், இறங்கு என்று யார் சொல்லப் போகிறார்கள்? ரெங்கசாமியிடம் போய்ச் சொல்ல வழியில்லை. வேலை முடிந்து ஆட்கள் திரும்பியதுமே கம்பிக் கதவைப் பூட்டியாயிற்று. போலீஸிடம் சொல்லலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காட்டு ஆட்களோடு பேசினவனுக்குச் சிறை. பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு. தூக்குக் கயிறும் உண்டு என்று ஊரில் பேச்சு. அவன் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு லயத்துக்குள் இறங்கினான்.

வாசல் வாசலாகப் போய், நாளைக்கு டவுனுக்குப் போக வேண்டாம் என்றான். முதல் வீட்டிலேயே சிரித்தார்கள். அடுத்த வீட்டில் அவனுக்கு முன்னால் சிரிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. ரோட்டில் ஆபத்து என்று கேள்விப்பட்டேன் என்றான். "அந்த லோரி கவுந்து போவும்னு நீங்க சொல்லாத நாளு எது முதலாளி?" என்று காளியம்மா கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் நீளம். நாளைக்குக் கடையில் எல்லாம் பாதி விலை என்றான். "இன்னிக்குத்தான் புத்தி வந்திச்சா?" என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதுவரை அவன் திட்டியதெல்லாம் பொறாமை என்றால், இப்போது சொல்வதும் பொறாமையாகத்தானே இருக்க வேண்டும்? ஊரைக் காப்பாற்றக் கூடிய ஒரே வாயை அவனே வாராவாரம் காறித் துப்பிக் கெடுத்து வைத்திருந்தான். தாயம்மா மட்டும் அவன் பின்னாலேயே வந்து, "மனசுல எதும் வச்சுக்காதீங்க. அடுத்த வாரம் எல்லாம் ஒங்ககிட்டயே வாங்கிக்கிறேன்" என்று சமாதானம் சொன்னாள்.

ஞாயிறு காலையில் ஹாரன் கேட்டதும் உடையப்பன் கடையைப் பூட்டிவிட்டு லோரியில் ஏறினான். ஏறியதும் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு வேலை மேய்க்கும் மண்டோர் வீட்டு நாய்கள் குரைத்தன. கடைக்காரரே டவுனுக்குச் சாமான் வாங்க வந்துவிட்டார் என்று ஆளாளுக்குக் கிண்டல். முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு யோசனைதான். திரும்பி வரும்போது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பெர்னாட்டிடம் எதையாவது சொல்லி, தார் ரோட்டில் சுற்றிப் போக வைத்துவிட வேண்டும். அது நடந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

டவுனில் அவன் எதையும் பார்க்கவில்லை. ஒரு துணிக்கடை வாசலைக் கடக்கும்போது மட்டும் நின்றான். உள்ளே தாயம்மா கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, தலையசைத்து, எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரன் முகம் சுளிக்காமல் அடுத்ததை விரித்தான். அவள் அதையும் வேண்டாம் என்றாள். அவள் முகத்தில் இருந்ததை உடையப்பன் தன் கடையில் ஒரு நாளும் கண்டதில்லை.

திரும்பும்போது அவனும் தாயம்மாவும் டிரைவர் அறைக்குப் பின்னால் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர்கள் சனங்களுக்கு நடுவே நின்றார்கள். மலாய்க்கார கார்ப்பரல் ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தாயம்மா காகிதத்தைப் பிரித்துச் சேலையைக் காட்டினாள். பச்சையில் மெல்லிய கரை.

"நல்லாருக்கா முதலாளி?"

அவன் நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். முதல் அலசலிலேயே சாயம் போய்விடும். "நல்லாருக்கு. ஒனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்றான். வேறு கடைச் சாமானை அவன் புகழ்ந்தது ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பாதை பிரியும் இடம் வந்ததும் எழுந்து டிரைவர் அறைக் கூரையைத் தட்டினான். "பெர்னாட்டு, தார் ரோட்டுல போ! சுத்திப் போ!"

பெர்னாட் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "ஏன் முதலாளி? சுத்திப் போனா லேட்டாயிடும் லா."

"அந்தப் பக்கம் பாலம் ஒடஞ்சிருக்காம்."

"காலையில அதுல தான வந்தோம்?"

கார்ப்பரல் வேர்க்கடலையை நிறுத்தினான். "சியாப்பா சக்காப்?" என்றான். யார் சொன்னது என்று. கேள்வி மெதுவாகத்தான் வந்தது. லோரி முழுவதும் உடையப்பனைத் திரும்பிப் பார்த்தது. இப்போது சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அது தொண்டை வரை வந்தது. வந்து, கழுத்தை நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது.

"சும்மா... யாரோ பேசிக்கிட்டாங்க."

"நேத்துலேருந்து அவருக்கு இதே பேச்சுதான்" என்று காளியம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கார்ப்பரலும் சிரித்துவிட்டான். உடையப்பன் உட்கார்ந்தான். லோரி செம்மண் பாதையில் இறங்கியது.

முதல் வேட்டு பெர்னாட்டின் கழுத்தில் பாய்ந்தது. லோரி ஓரமாகச் சாய்ந்து வாய்க்காலில் ஒரு சக்கரத்தை விட்டு நின்றது. நின்ற வேகத்தில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். போலீஸ்காரர்கள் விழுந்த இடத்திலிருந்தே, சனங்களின் தலைக்கு மேலே காட்டைப் பார்த்துச் சுட்டார்கள். காடு அவர்களைப் பார்த்துத் திருப்பிச் சுட்டது. நடுவில் இருந்ததெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். பலகைகள் சிம்பு சிம்பாகப் பறந்தன. பிரென் வைத்திருந்தவன் ஒரு சுற்றுத்தான் சுட்டான். அதன் பிறகு அவன் தலையில் பாதி இல்லை. அந்தக் குழந்தை கார்ப்பரலின் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. கார்ப்பரல் அதைத் தூக்கி வாய்க்கால் பக்கம் எறிந்தான். எறிந்த கை இறங்குவதற்குள் நெஞ்சில் வாங்கிக்கொண்டு சரிந்தான். முன்பக்கம் ஏதோ வெடித்துத் தீப்பிடித்தது. பெட்ரோல் நெருப்பு பலகைக்கடியில் ஓடிவந்தது. துணிப்பொட்டலங்கள், பவுடர் டப்பாக்கள், தீபாவளிக்கு வாங்கிய பொம்மைகள் எல்லாம் ஒரே வாடையாக எரிந்தன. தலைமயிர் பற்றிய ஒரு பெண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிவிட்டு விழுந்தாள்.

உடையப்பன் தாயம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது, ஆள் எழவில்லை. அவள் கண்கள் திறந்திருந்தன. காதுக்குக் கீழே சிறிய துளை, அதிலிருந்து இரத்தம் தாளம் போட்டதுபோல் வந்து வந்து நின்றது. அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் குதித்தான். அங்கே காளியம்மா கிடந்தாள். தன் அக்காவைப் பார்த்ததும் தவழ்ந்து வந்து, அந்தத் துளையை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

வேட்டுச் சத்தம் நின்றபோது காட்டு ஆட்கள் மேலே வந்தார்கள். சக்கரத்தில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்த போலீஸ்காரனை ஒருவன் கிட்டத்தில் வைத்துச் சுட்டான். துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். பூசை முடிந்து அதே லோரியில் திரும்பிய அந்தோணிதாஸை வாய்க்காலிலிருந்து இழுத்துப் போய்ப் பாதையில் மண்டியிட வைத்தார்கள். தொரைக்கு ஆள் காட்டியவன் என்று ஒருவன் கத்தினான். இல்லை, நான் யாரையும் காட்டவில்லை என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கைகளோடு முகங்குப்புற விழுந்தார்.

ரெங்கசாமி வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தான். கிடந்தவர்களில் பலரை அவனுக்குத் தெரியும். உடையப்பனைக் கண்டதும் நின்றான்.

"நீங்க எதுக்கு இதுல ஏறுனீங்க? நேரம், வழி எல்லாம் சொன்னவரே நீங்கதான? வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

அவன் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் கொடுமை. கீழே பார்த்தவன், "இது தாயம்மா அக்காவா?" என்றான். காட்டுப் பக்கமிருந்து விசில் வந்தது, அவன் ஓடினான். வாய்க்காலில் கிடந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் அவன் சொன்னது விழுந்திருந்தது. காளியம்மா தலையை மெதுவாகத் திருப்பி உடையப்பனைப் பார்த்தாள். உள்ளங்கையை மட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் பிணங்களைப் புதைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்து, எல்லோரையும் பெரட்டுக் களத்தில் வெயிலில் உட்கார வைத்தான். லோரி வரும் வழியையும் நேரத்தையும் உள்ளே இருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று தெரியும் வரை கதவு திறக்காது, வேலை கிடையாது, டவுன் கிடையாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கடை திறக்கலாம், அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டை விட்டு வெளியே வரலாம். தமிழ் தெரிந்த துபாஷி ஒருவன் இதைக் கத்திச் சொன்னான். எல்லோரும் காளியம்மாவைப் பார்த்தார்கள். செத்தது அவள் அக்கா. சொல்கிற உரிமை அவளுக்கு. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடட்டும், சொல்லி முடித்துவிடட்டும் என்று உடையப்பன் மனதுக்குள் மன்றாடினான். எழுந்து தானே சொல்ல அவனுக்கு இப்போதும் கால் வரவில்லை.

கடை திறக்கும் நேரம் வந்தது. வள்ளியம்மா பெரட்டுக் களத்திலிருந்தே இழவு வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவனே பலகைகளைக் கழற்றினான். கழற்றிவிட்டுப் பார்த்தால், லயம் முழுவதும் வந்து நின்றது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஆசைப்பட்ட வரிசை அது. எரிந்த கைக்கு வாழையிலை கட்டியவர்கள், தலையில் துணி சுற்றியவர்கள், பெர்னாட்டின் மாமனார், கிராணி வீட்டுப் பெண்கள், எல்லோரும் நின்றார்கள். தாழ்வாரத்து நிழலில் ஒருவரும் நிற்கவில்லை. பலகைக்கும் வரிசைக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு, வெயிலில் நின்றார்கள். துபாஷியும் ஒரு போலீஸ்காரனும் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் காளியம்மா. பையைப் பலகைமேல் வைத்தாள்.

"சவுக்காரம்."

அவன் இரண்டு தினுசை எடுத்து முன்னால் வைத்தான். "எது வேணும் தாயி?"

"எது இருக்கோ அதக் குடு. நாங்க பாத்து எடுக்க வரல."

அவன் ஒன்றைப் பைக்குள் போட்டான். அவள் நகரவில்லை. வாழ்நாளெல்லாம் முதலாளி என்று கூப்பிட்டவள், இப்போது அந்தச் சொல்லைத் தொடாமல், அவன் முகத்துக்கு நேராக, பக்கத்து வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"நாளைக்கும் வருவோம். நாளன்னைக்கும் வருவோம். தீபாவளிக்கும் ஒங்கிட்டதான் வாங்குவோம். நீ கடைய மட்டும் மூடிடாத."

துபாஷி எழுந்தான். "என்னம்மா? என்ன சொல்ற அவர்கிட்ட?"

காளியம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்ததாக உடையப்பனுக்குத் தோன்றியது.

"சவுக்காரம் கேட்டேங்க" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு அவள் வெயிலுக்குள் நடந்தாள். துபாஷி மறுபடி உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தான். பெர்னாட்டின் மாமனார் முன்னால் வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை மாரியம்மன் கோயிலைத் தாண்டி, வளைந்து, முள்கம்பி வரைக்கும் நின்றது. அடுத்த பை பலகைமேல் வந்து விழுந்தது.